மரியதாசின் பங்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தாலியர் வீடுகளில் எங்களுக்கு வேலை இல்லை. கிறிகோரியும் டெனிஸ்டனும் நானும் பலேர்மோவுக்கு வெளியே போய், கரையோரத்துக் கடற்புல்லான சாதாளைக்குள் மூழ்கி ஈட்டித் துவக்கால் மீன் சுடுவோம். பிறகு பாறையில் மூன்று கும்பியாகப் பிரிப்போம். எங்கள் ஊர் மன்னாரில் செய்வது போல ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, இன்னொருவர் ஒவ்வொரு கும்பியாகத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பார். பாராமல் சொல்லும் பெயருக்கு அந்தப் பங்கு.

தொண்ணூற்றைந்து ஆவணியில் ஒருநாள் கிறிகோரி கேட்க, நான் திரும்பி நின்றேன். மூன்று பெயரும் சொல்லி முடித்த பிறகும், "இது ஆருக்கு?" என்று கேட்டது.

"மரியதாசுக்கு" என்றேன், யோசிக்காமல்.

மரியதாஸ் எங்கள் கூட்டாளி. ஐந்து வருடத்துக்கு முன் ஊரில் இருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறியவன், போய்ச் சேரவில்லை.

"நான் மூண்டு தரம்தான் கேட்டனான்" என்றான் கிறிகோரி.

திரும்பிப் பார்த்தேன். நாலாவது கும்பி இருந்தது. அதில் இரண்டு ஓரா மீன். எங்கள் ஊர்ச் சாதாளையில் மேய்கிற மீன். இந்தக் கடலில் நாங்கள் அதைக் கண்டதே இல்லை. ஈட்டி பட்ட காயமும் இல்லை.

பலேர்மோவின் பல்லரோச் சந்தைப் பக்கம் இருந்த மரியதாசின் மனைவி யோசப்பின் அக்காவிடம் கொண்டுபோனோம்.

"கவனம் அக்கா, ஓரா. முள்ளுக் குத்தினால் கடுக்கும்" என்றான் டெனிஸ்டன்.

அவர் மீனின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"வெட்டிக் கிடக்கு. அவர் எப்பவும் முள்ளை வெட்டிப்போட்டுத்தான் எனக்குத் தாறவர்."

யாருடைய பங்கென்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அவர் எழுந்துபோய் உலையில் இன்னொரு சுண்டு அரிசி போட்டார்.