இரவல் பதக்கம்

"இன்னமும் வரலையா அந்த மகராசி?"

ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, மேடையில் இருந்தபடியே மகனிடம் சீறினார் ராமலிங்கம்.

"எத்தினி தடவதான்பா போன் அடிக்கிறது? ரிங் போவுது, எடுக்க மாட்டேங்கறாங்க," என்றான் பிரேம்குமார்.

உப்பளத்துக் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. அன்று ராமலிங்கத்தின் தாயார் அஞ்சலாட்சியின் நினைவுநாள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், அம்மை கண்டு கிடந்தவர்களுக்குக் கூலி வாங்காமல் பணிவிடை செய்ததற்காக அந்த அம்மையாருக்கு அரசாங்கத்தார் ஒரு வெள்ளிப் பதக்கம் அளித்திருந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில், நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் ஒருவரை அழைத்து, அப்பதக்கத்தை அவர் நெஞ்சில் குத்தி அழகு பார்ப்பது ராமலிங்கம் ஏற்படுத்திய வழக்கம். படம் எடுத்து முடிந்ததும் பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு, ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடுவார். குடும்பச் சொத்தாயிற்றே!

இவ்வாண்டு அழைக்கப்பட்டவள் வைத்திக்குப்பத்து வசந்தா. மீன் விற்ற நேரம் போக, குப்பத்தில் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டிப் புண் துடைத்துவிடுபவள்.

சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சந்திரகலா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராமலிங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. தாயாரின் பெயருக்கே இழுக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது. ஒலிவாங்கியை வாயருகே இழுத்தார்.

"பெரியோர்களே! தொண்டு செய்தால் மட்டும் போதாது, பணிவும் வேண்டும். வீடு தேடிப் போய் நானே அழைத்தேன். நாலு பேர் புகழ்ந்ததும் வசந்தாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. என் தாயாரின் பதக்கத்தைத் தொடக்கூட அவளுக்குத் தகுதியில்லை!"

"நல்லா போட்டாருய்யா ஒரு போடு!" என்றது பின்வரிசை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

விழா முடிந்தது. பதக்கம் பெட்டிக்குள் போயிற்று.

"ஒடம்பு முடியாம இருக்கற உங்க வீட்டம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன் சார்," என்றார் சந்திரகலா.

ராமலிங்கத்துக்குத் திக்கென்றது. பக்கவாதத்தில் கிடக்கும் மனைவி கலைவாணியை, 'கொஞ்ச நேரந்தானே' என்று தனியே விட்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டுக் குடும்பமே விழாவுக்கு வந்திருந்தது. மத்தியானமே கிளம்பியிருந்தார்கள்; இப்போது வெயில் சாய்ந்துவிட்டது.

அடுத்த தெருதான் வீடு. சந்திரகலா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ராமலிங்கம் உள்ளே விரைந்தார்.

கட்டிலில் கலைவாணி, சலவைத் துணி உடுத்தி, தலை வாரிவிடப்பட்டு, நிம்மதியாகக் கண்ணயர்ந்திருந்தாள். பினாயில் வாடை வீசியது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

வசந்தா!

விழாவுக்கென்று உடுத்தியிருந்த புதுச்சேலை முழங்கால்வரை நனைந்து ஒட்டிக்கிடந்தது.

"உங்ககூடவே மண்டபத்துக்குப் போயிடலாம்னு வந்தேங்கய்யா. நீங்க கெளம்பிட்டீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "அம்மா கட்டிலேர்ந்து வுழுந்து, அசிங்கத்துலயே கெடந்தாங்க. என்னைப் பாத்ததும் அழுதுட்டாங்க. வுட்டுட்டு வர மனசு வரல. போன எடுக்கவும் கை ஒழியல. கோச்சிக்காதீங்க."



அதற்குள் சந்திரகலா உள்ளே வந்துவிட்டார். "இவங்க யாரு சார்?"

வசந்தா ஒருகணம் ராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். அது வெளிறிக் கிடந்தது.

"அம்மாவப் பாத்துக்க ஐயா வச்சிருக்கற ஆளுங்க. என்னை இங்க வுட்டுட்டுத்தான் விழாவுக்கே போனாரு."

கலைவாணியின் நெற்றியை மெல்லத் தடவிப் பார்த்த சந்திரகலாவின் குரல் நெகிழ்ந்தது.

"உங்க தாயார் பேரக் காப்பாத்திட்டீங்க சார். அந்த வசந்தாவ இங்க கூட்டிட்டு வந்து நிறுத்தி, இந்தம்மாவப் பாத்துக் கத்துக்கோன்னு சொல்லணும்!"

ராமலிங்கம் வாய் திறந்தார். ஒரேயொரு வாக்கியம் சொன்னால் போதும். அது வரவில்லை. தலைதான் குனிந்தது.

"சொல்லணுங்கம்மா," என்றபடி, அழுக்குத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள் வசந்தா.