கப்பலில் வரும் கியர்பொக்ஸ்

வாங்கி நாலு மாதத்தில் கடுகண்ணாவை மலையேற்றத்தில் கியர்பொக்ஸ் உடைந்து நின்ற நளீரின் பிக்கப், அதன்பிறகு விற்ற கம்பனியின் முற்றத்தை விட்டு அசையவில்லை. அவரை நம்பியிருந்த மரக்கறிக் கடைக்காரர்கள் வேறு வண்டி பிடித்துவிட்டார்கள்.

நளீர் கம்பனியின் முறைப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டினார்.

“கியர்பொக்ஸ் எப்ப தம்பி வரும்?”

“கப்பல்ல வருது, நானா,” என்றான் மேசைக்குப் பின்னால் இருந்த அஜந்தன்.

“ஆறு மாசமா அதே கப்பலா? ஒனக்கென்ன, கதிரையில குந்திக்கிட்டு சம்பளம் எடுக்கிற. ஒன்ட வண்டி நின்டா தெரியும்!”

அஜந்தன் ஜன்னலைக் காட்டினான். நளீரின் பிக்கப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிக்கப். சக்கரங்களைப் புல் மூடியிருந்தது.

“அது என்னோடது, நானா. மூணு வருஷமா நிக்குது. கியர்பொக்ஸ் வந்தா மொதல்ல தெரியட்டும்னுதான் இந்த வேலையில சேர்ந்தேன்.”

நளீர் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

அஜந்தன் ஒரு வேலை விண்ணப்பத்தை நீட்டினான்.

“பக்கத்துக் கதிரை காலியாத்தான் இருக்கு.”