வேனுக்கடியில் பச்சைத் தண்ணீர்

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா?" வேனின் பின் சக்கரத்துக்கருகே தேங்கியிருந்த பச்சைத் தண்ணீரை விளக்குமாற்றால் சுட்டிக் காட்டினாள் அவள்.

கணவன் இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். "கூலன்ட் பாட்டில்ல அளவு இறங்கவே இல்லையே! இது வேற ஏதாவது தண்ணியா இருக்கும்."

"இன்ஜினக் குளிர வைக்கிற கூலன்ட்டத் தவிர பச்சையா வேற என்ன தண்ணி? பின் சீட்டு ஹீட்டருக்குப் போற குழாய்தான் ஒழுகுது. ஒருநாள் இன்ஜின் கொதிச்சு நடுரோட்டுல நிப்போம், அப்போ தெரியும்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எதையும் சரியாகச் சொல்பவன் அவன்தான். பால் பொங்கும் என்றால் பொங்கும்; மழை வராது என்றால் வராது. 'நீ சொன்னதுதான் சரி' என்று ஒரே ஒரு தடவை அவன் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பது அவளுக்கு வெளியே சொல்ல முடியாத ஆசை.

"புதுக் குழாய் போடணும்னா பாதி வண்டியக் கழட்டணும். முன்னாடியே போற, வர்ற ரெண்டு குழாயையும் வெட்டி, வளைஞ்ச ரப்பர் குழாயால சேத்துட்டா, தண்ணி பின்னாடி போகாமலே திரும்பிடும். என்ன, பின் சீட்டுக்குச் சூடு வராது" என்றாள்.

"பின் சீட்டுல உக்கார்றது யாரு? எங்கம்மா!"

மாமியார் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "எனக்காகப் பாக்காதம்மா, வெட்டு. இவன் தோக்கறதப் பாக்கறதுக்கு நான் நடுங்கிக்கிட்டேகூட வருவேன்."

இரண்டு வீட்டுக்கும் பொதுவான சரிவு வாசல் அது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று விடியற்காலையில்தான் வண்டியோடு வெளியூர் போயிருந்ததால், அவர் வண்டி நிற்கும் மேட்டுப் பக்கம் காலியாக இருந்தது. சாமான்களை அங்கே பரப்பிக்கொண்டு வேனுக்கடியில் நுழைந்தாள்.

குழாயில் துருவைக் கண்டதுமே மனசு குளிர்ந்துபோயிற்று. அதற்குமேல் எதையும் உற்றுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

வெட்டியதும், குழாயிலிருந்த கூலன்ட் பாதி பேசினிலும் பாதி அவள் தலையிலுமாக இறங்கியது. கிளிப்புகளை முறுக்கிவிட்டு வெளியே வந்தபோது முடியெல்லாம் பச்சை.

"கீரைக்கட்டு மாதிரி இருக்கேம்மா" என்றாள் மாமியார், உச்சபட்சப் பாராட்டாக.

மறுநாள் காலை தரை காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. கணவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். விரலை முகர்ந்தும் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நீ சொன்னதுதான் சரி."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தச் சின்ன வாக்கியத்துக்கா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை விழுங்கிவிட்டு, "என்ன சொன்னீங்க? காதுல விழல" என்றாள்.

வேனின் பின் சீட்டில், இரண்டு கம்பளிகளுக்குள் சூடில்லாத பயணத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "எனக்கும் விழலடா!" என்று கத்தினாள்.

அவன் மறுபடியும் சொன்னான். இந்த முறை சிரித்துக்கொண்டே சொன்னான்.

அந்நேரம் பக்கத்து வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பி, வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். கணவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சார், எங்க வண்டி ஒழுகிட்டிருந்ததே, இவளே படுத்துச் சரி பண்ணிட்டா! இனிமே மெக்கானிக்கே வேண்டாம், எதுன்னாலும் இவளக் கேளுங்க."

"அட, நல்லதாப் போச்சு!" என்று அவர் ஆவலோடு அவள் பக்கம் திரும்பினார்.

"என் வண்டில தினமும் கூலன்ட் குறையுதும்மா. காலைல எந்திரிச்சு எத்தனை தடவ குனிஞ்சு பாத்தாலும், கீழ ஒரு சொட்டுகூட இல்ல!"