முரசுக்காரரின் மடி

என் மாமியார் லவினியாவின் அப்பா, அமெரிக்கா விடுதலைக்காக ஆங்கிலேயருடன் போரிட்ட காலத்தில் படையில் முரசடித்தவர். எண்பத்திரண்டு வயதில், மூன்றாம் மனைவி கருவுற்றிருந்தபோது, வெர்மாண்டில் எங்கள் ஊருக்கு வந்த புகைப்படக்காரரிடம் அவர் படம் எடுத்துக்கொண்டார். வெள்ளித் தகட்டில் பதிந்த அந்தப் படத்தில் கிழவர் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அடுத்த மாதமே இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் லவினியா பிறந்தார்.

"ஊர்ல எல்லாரையும் அவங்கவங்க அப்பா தூக்கி வச்சிருந்திருப்பாரு, என்னைத் தவிர" என்று 1933-இலும், எண்பத்தைந்து வயதில், குறைபட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் அவருடைய பிறந்தநாளன்று கேக்கைச் சாப்பிட்டுவிட்டுத் தகட்டைக் கைமாற்றிப் பார்த்தோம்.

"அம்மா, தாத்தா மடியில இருக்கிற குழந்தை யாரு?" என்று கேட்டார் என் கணவர் அமோஸ்.

"கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாருடா, குருட்டுப் பயலே!"

மாமியார் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். குழந்தை இருந்தது. அதன் புருவத்துக்கு மேல், மாமியாருக்கு இருக்கும் அதே பெரிய மச்சம்.

"ஏய், நான்தாண்டி இது!" என்று என் தோளில் அடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். வந்தவர்கள் எல்லோரிடமும் காட்டினார்.

அந்தக் காலத்தில் படம் எடுக்கும்போது அசைந்தால் அசைந்த இடம் மங்கிவிடும். கிழவரின் முகம் தெளிவாகத்தான் இருந்தது. குழந்தையின் மேல் இருந்த கை மட்டும் மங்கியிருந்தது. தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.