எதிர்ப்பக்கமா வந்த தசரதன்

கார்த்திகை தீபத்தன்னிக்குக் காலையில ஜனமெல்லாம் மலையை வலமா சுத்திட்டு இருக்கு. அடிஅண்ணாமலை கிட்ட ரெண்டே ரெண்டு பேர் மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு எதிர்ப்பக்கமா வர்றாங்க.

"யாருப்பா அது, மலையை ரிவர்ஸ்ல சுத்தறது?"னு சிரிச்சான் மெட்ராஸ்லருந்து வந்திருந்த பரசுராமன்.

அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்னுபோச்சு. வர்றது அவனைப் பெத்தவங்க!

முன்னாடி அம்மா சந்திரம்மாள். பின்னாடி, மூச்சு வாங்கிக்கிட்டே நைனா தசரதன்.

"இன்னா நைனா இது? பொறந்ததுலருந்து இதே ஊரு. எந்தப் பக்கம் சுத்தணும்னு தெரியாதா?"

தசரதன் ஒரு தடவை சந்திரம்மாளைப் பாத்தார். அப்புறம் தலையைச் சொறிஞ்சார். "மறந்துட்டேன்டா. நான்தான் இப்படிப் போலாம்னு இட்டுக்கினு வந்தேன்."

"நான் சொன்னா எங்க கேக்கறாரு இந்த மனுஷன்!"னு சந்திரம்மாள் நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க.

போளூர்ல வாழ்க்கைப்பட்ட பொண்ணு வேதா, முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. "எங்க வீட்டுக்காரரோட சொந்தமெல்லாம் பின்னாடியே வருதுண்ணா. மானமே போச்சு!"

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாயத்து ஆரம்பிச்சுது.

"போன வாரம் ஸ்டவ்வை எரிய வுட்டுட்டுக் கோயிலுக்குக் கிளம்பிட்டோம். பாத்திரமே கருகிடுச்சு,"ன்னாங்க சந்திரம்மாள். "கேட்டா, 'சுடுதண்ணி நான்தான் வெச்சேன், மறந்துட்டேன்'ன்றாரு. வீட்டுச் சாவி அரிசிப் பானையில கெடக்குது. அதுவும் இவரு வேலைதான்!"

"ஆமா, நான்தான்,"னு தசரதன் எல்லாத்துக்கும் தலையாட்டினார்.

"இதுக்கு மேல தனியா வுட முடியாது,"ன்னான் பரசுராமன். "இன்னிக்கே மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். ஆனா எங்க போர்ஷன்ல மாடிப்படி ஜாஸ்தி."

"எங்க வீட்ல படியே கெடையாதுண்ணா," வேதா அவசரமா சொன்னா. "ஆனா இடம் கம்மி."

ரெண்டு பேருக்கும் பாசம் பொங்குச்சு. பொங்கின பாசம் அவங்கவங்க வீட்டு வாசப்படியோட நின்னுக்கிச்சு.

"பேசாம இங்கயே வீட்டோட ஒரு ஆளைப் போட்டுடலாமே!" இதுல மட்டும் அண்ணனும் தங்கச்சியும் ஒரே குரல்ல பேசினாங்க.

"இருசப்பன்னு ஒருத்தர் இருக்காராம். ஆஸ்பத்திரியில நோயாளிங்களைத் தூக்கி எறக்கின ஆளு. நல்ல ஒடம்பு. நைனாவைக் குளிப்பாட்டுவாரு, கையைப் புடிச்சு வெளிய இட்டுக்கினு போவாரு…"ன்னான் பரசுராமன்.

"ஆம்பள ஆளு வேணாம்,"ன்னார் தசரதன்.

"ஏன் நைனா?"

"பொம்பள ஆளா பாரு."

வேதா குடிச்சிட்டு இருந்த காபியை அப்படியே கீழ வெச்சுட்டா.

"இன்னாங்க சொன்னீங்க?" சந்திரம்மாள் எழுந்து நின்னாங்க. "பேரன் பேத்தி எடுத்தாச்சு. தீபமும் அதுவுமா பேசற பேச்சா இது!"

"பொம்பள ஆளுன்னா வையுங்க. இல்லன்னா நான் ஆசிரமத்துப் பக்கம் சாமியாருங்களோட போய் உக்காந்துக்கறேன்." கெழவர் அசையல.

வேதா அண்ணன் காதண்ட குனிஞ்சா. "புத்தி பிசகினா இந்த ஆசையும் வருமாம்ணா. எங்க தெருவுல ஒருத்தருக்கு வந்துச்சு."

"ஐயோ, வெளிய சொல்லித் தொலைக்காத!"

சாயங்காலம் மலை உச்சியில தீபம் ஏத்தறதுக்குள்ள, மொட்டை மாடியில கூடியிருந்த சொந்தம் மொத்தத்துக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. பாதிப் பேரு தீபத்தைப் பாத்தாங்க. மீதிப் பேரு தசரதனைப் பாத்தாங்க.

அவரு யாரையும் பாக்கல. கன்னத்துல போட்டுக்கிட்டு நின்னாரு.

வேற வழி? வேங்கிக்கால்லருந்து பாஞ்சாலைன்னு ஒரு அம்மா வேலைக்கு வந்தாங்க. வந்த உடனே சந்திரம்மாள் சட்டம் போட்டுட்டாங்க.

"தோ பாரு பாஞ்சாலை. அவருக்குச் சோறு நான் போட்டுக்கறேன், மாத்திரை நான் குடுத்துக்கறேன். நீ அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. நான் அடுப்பண்ட போனா நீயும் வரணும். குளிக்கப் போனா கதவாண்ட நிக்கணும். கோயிலுக்குப் போனா என் கையைப் புடிச்சுக்கினே வரணும். என் கண்ணை வுட்டு நகரக் கூடாது, தெரிஞ்சுதா?"

"சரிங்கம்மா."

"அம்மா கெட்டிக்காரி!"னு மெச்சிக்கிட்டே பரசுராமனும் வேதாவும் ஆளுக்கொரு பஸ் ஏறினாங்க.

மறுநாள் மத்தியானம். சந்திரம்மாள் அசந்து தூங்கற நேரமாப் பாத்து, பாஞ்சாலை தயங்கித் தயங்கி வாசப்பக்கம் வந்தாங்க.

"பெரியவரே, உங்களைப் பாத்துக்கத்தான் என்னை வெச்சாங்க. அம்மா என்னைக் கிட்டவே வுட மாட்டேன்றாங்க. அப்புறம் நான் எதுக்குங்க இங்க?"

தசரதன் உள்ள எட்டிப் பாத்தார். குரலைத் தணிச்சுக்கிட்டார்.

"அவ சொல்றதையே செய்ம்மா. கூடவே இரு. அன்னிக்கு எதிர்ப்பக்கமா கிளம்பினது அவதான். திரும்பச் சொன்னேன், 'எனக்குத் தெரியாதா'ன்னு போயிக்கினே இருந்தா. பின்னாடியே போயிட்டேன். ஸ்டவ்வு, சாவி எல்லாம் அவதான்."

"ஐயோ…"

"'உனக்குத் தொணைக்கு ஆள் வெக்கறோம்'னு அவகிட்ட சொன்னா உயிரே போயிடும் அவளுக்கு. குளிக்கற எடம் வரைக்கும் தொணைக்குப் போக ஆம்பள ஆளால முடியுமா, சொல்லு? பேரு கெட்டா எனக்கே கெடட்டும்."

உள்ளருந்து சத்தம் வந்துச்சு. "பாஞ்சாலை! அங்க என்ன பேச்சு? வா இங்க!"

"போம்மா, போ,"ன்னார் தசரதன். மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம்!

உங்க வீட்லயும் இப்படி ஒரு புத்தி பிசகின பெரியவர் இருக்காரா? மறந்துபோறது அவருக்குத்தான்னு நல்லாத் தெரியுமாங்க?