படுத்துப் பார்த்த டிவி

கடையின் நடுவில் தேவசகாயம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் ஒருக்களித்துப் படுத்தார். விற்பனைப் பெண் பதறி ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, மயக்கமா? தண்ணி கொண்டு வரட்டா?”

“ஒண்ணுமில்லம்மா. எம் பொண்டாட்டி இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா. அவளுக்குத்தான் டிவி. படுத்துக்கிட்டுப் பாத்தா எது நல்லாத் தெரியும்னு பாக்கேன்.”

நின்று பார்த்தபோது பளிச்சென்றிருந்த திரைகளில் பல, கீழிருந்து பார்க்கையில் வெளுத்துப்போயின. அவருக்கோ கண் மங்கல். அந்தப் பெண் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்திலேயே படுத்துவிட்டாள்.

“அந்த ஓரத்துல இருக்கது, அண்ணாச்சி. அதுலதான் நிறம் மாறல.”

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். “நல்லா இரு தாயி. அதையே குடு” என்றார்.

மறுநாள் கட்டிலுக்கு எதிரே டிவியை மாட்டிவிட்டுப் போனார்கள். அவர் ரிமோட்டை எடுத்தார்.

“செத்த பொறுங்க,” என்றாள் கட்டிலில் கிடந்த அவர் மனைவி எஸ்தர். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த அடுப்படி, இன்னும் போடாத அந்தக் கறுப்புத் திரையில் கண்ணாடியில்போல முழுசாகத் தெரிந்தது. “போய்ச் சோறு வைங்க. நான் பாக்கணும். இத்தன நாளும் நீங்க பாத்திரம் உருட்டுற சத்தந்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்.”

அவர் ரிமோட்டை வைத்துவிட்டு அரிசி களையப் போனார்.