பின்னால் ஓடியது

“இன்னாம்மா, லிஸ்ட்டு இன்னிக்கு வருமா, நாளைக்கா?”

மேனேஜர் ஜெகதீசன் போட்ட சத்தம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் வரைக்கும் கேட்டது. திவ்யாவின் முகம் சுண்டிப்போனது.

“சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்கு சார்.”

“மூணு நாளா இதே பாட்டுதான். தப்பில்லாம போடற, ஒத்துக்கறேன். ஆனா டயத்துக்கு வரணுமே! வெள்ளிக்கிழமை உன்னை பர்மனென்ட் பண்ணலாமான்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?”

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் பஸ் விடும் ஆபீஸ் அது. நாளைக் காலை யார் எந்த ஸ்டாப்பில் ஏற வேண்டும் என்று லிஸ்ட் போடுவது திவ்யாவின் வேலை. ஐந்து மணிக்குள் போட்டு வைத்தால், ஐந்தரைக்கு அது தானாகவே எல்லாருடைய போனுக்கும் போய்விடும். கரூரிலிருந்து வந்து மூன்று மாதமாகப் பம்பரமாகச் சுழல்கிறாள். ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டரால் வேலை போவதா?

சர்வீஸ் பார்க்கிற கலையரசன் வந்தார்.

“ஒரே ஒரு ஃபைல்தான் அண்ணா திறந்திருக்கேன். அதுக்கே இப்படி மூச்சு வாங்குது.”

“நீ திறந்தது ஒண்ணும்மா. பின்னாடி எத்தினி ஓடிகினு கீது பாரு.”

திரையில் நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது.

“இது வைரஸ் பாக்கறது. இது அப்டேட்டு. இது பிரின்டருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாம அதுபாட்டுக்கு வேலை செய்யும். இதுல எல்லாம் கை வெக்கக் கூடாது. ஆனா இது இன்னா? பாதி மெமரிய இதுவே முழுங்கிகினு கீது!”

“என்ன அண்ணா அது?”

“நீ போடற லிஸ்ட்ட நிமிசத்துக்கு நிமிசம் காப்பி எடுத்து வேற ஒரு சிஸ்டத்துக்கு அனுப்புது. அங்கேர்ந்து இங்கயும் வருது. புது அப்டேட்டும் சேர்ந்துகிச்சா, பழைய பொட்டி தாங்கல.” கலையரசன் நிமிர்ந்து பார்த்தார். “அந்த மூணாவது டேபிளு.”

மூன்றாவது மேஜையில் ராஜம் உட்கார்ந்திருந்தாள். ஆபீசிலேயே பழைய ஆள்.

திவ்யாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வந்த முதல் வாரமே இந்த ராஜம் லிஸ்ட்டைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். “என் வேலை எனக்குத் தெரியும்க்கா, உங்க வேலையைப் பாருங்க” என்று அத்தனை பேர் முன்னாலும் திவ்யா அவள் வாயை அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்து செய்த காரியத்தைப் பார்!

“சார், இங்க வாங்க! யாரால லேட்டாகுதுன்னு நீங்களே பாருங்க!”

ஜெகதீசன் வந்தார். டிரைவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னா ராஜம் இது?”

“நான்தான் சார் போட்டு வெச்சேன்.”

“இன்னாத்துக்கு?”

ராஜம் திவ்யாவை ஒரு தடவை பார்த்தாள். “சும்மா... பாக்கறதுக்கு.”

“சும்மாவா? என் சோத்துல மண்ணைப் போடறது உங்களுக்குச் சும்மாவா? நீங்க எல்லாம் ஒரு மனுஷியா?” திவ்யா கத்தினாள்.

ராஜம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எடுத்துக் கடாசுய்யா அத்த” என்றார் ஜெகதீசன்.

கலையரசன் எடுத்தார். கம்ப்யூட்டர் பறந்தது. நாலரைக்கே லிஸ்ட் முடிந்தது. ராஜத்தின் பக்கம் திரும்பியும் பார்க்காமல் திவ்யா வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் அவள் ஆபீசுக்குள் நுழையும்போது எல்லா போனும் அடித்துக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலமே பிடித்த மழை இன்னும் விடவில்லை.

“சப்வே முனையில பதினோரு பொம்பளைங்க ரெண்டு மணி நேரம் மழையில நின்னுருக்காங்க!” ஜெகதீசன் கத்தினார். “சப்வேல இடுப்பளவு தண்ணி. பஸ்ஸு எப்டி அந்தாண்ட போவும்? மழைன்னா அவங்கள ரைஸ்மில் ஸ்டாப்புல ஏத்தணும்னு இந்த ஊர்ல பச்சப் புள்ளைக்கும் தெரியும். ஒரு நாள் கூலி போச்சு அவங்களுக்கு!”

“எப்பவும் அந்த ஸ்டாப்தானே சார் போடறேன்? மேப்ல அதுதான் கிட்ட இருக்கு. போன வாரமும் மழைதான். அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே! இருங்க, காட்டறேன்.”

போன வாரத்து லிஸ்ட்டைத் திறந்தாள்.

பதினோரு பேருக்கும் ரைஸ்மில் ஸ்டாப் என்று இருந்தது.

அவள் அப்படிப் போடவே இல்லை. அதற்கு முந்தைய மழை நாளைத் திறந்தாள். அதிலும் ரைஸ்மில். வெயில் நாட்களில்கூட அவள் போடாத ஸ்டாப்புகள் அங்கங்கே இருந்தன. அவசரமாக ஃபைலின் விவரத்தைப் பார்த்தாள். கடைசியாகத் திருத்தியவர்: ராஜம், மாலை 5.12. அடுத்ததிலும் ராஜம். மூன்று மாதத்து லிஸ்ட்டிலும் ராஜம்.

மூன்றாவது மேஜையில் ராஜம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “அழுவாதம்மா. நீ மொதல்ல ஈரத்த மாத்து. உங்க சூப்பர்வைசர் கையில நான் பேசறேன்.”

“மூணு மாசமா ஒரு தப்பு வந்ததில்லையேம்மா,” ஜெகதீசனின் குரல் இறங்கியிருந்தது. “நேத்து மட்டும் இன்னா ஆச்சு உனக்கு?”

திவ்யா மூன்றாவது மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்துதான் சார் நான் தனியா போட்டேன்.”